மருந்துப் பையா, மெஷின் பெட்டியா: மலையில் இருந்துகொண்டு எதைப் பிடிப்பது?

ஊட்டியிலோ குன்னூரிலோ சாயங்காலம் ஏழு மணிக்கு ஏதாவது ஒரு கிளினிக் வாசலைப் பாருங்கள். மங்கி குல்லாவும் சால்வையுமாக நோயாளிகள் உட்கார்ந்திருக்க, ஓரமாக ஒருவர் டை கட்டி, தோளில் கனத்த கருப்புப் பையோடு நின்றுகொண்டிருப்பார். அவர் மருந்து ரெப். எப்போதாவது அதே வாசலில் காரை நிறுத்தி, சக்கரம் வைத்த பெட்டியை இறக்கி, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே உள்ளே போகிறவர் இருக்கிறாரே, அவர் மெஷின் விற்க வந்தவர். முதல் ஆள் உள்ளே இருப்பது இரண்டு நிமிஷம், இரண்டாம் ஆள் இரண்டு மணி நேரம். நான் ஒன்பது வருஷம் முதல் ஆளாக இருந்துவிட்டு, இப்போது ஆறு வருஷமாக இரண்டாம் ஆளாக இருக்கிறேன்.

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பி.ஃபார்ம் முடித்திருக்கிறான். ஊட்டியில் 1980-லிருந்தே ஜே.எஸ்.எஸ். ஃபார்மசி கல்லூரி இருப்பதால் இந்த மலையில் பி.ஃபார்ம் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வேலைக்குத்தான் கீழே பார்க்க வேண்டியிருக்கிறது. "அண்ணா, மெடிக்கல் ரெப்பா போகட்டுமா, இல்ல டிவைஸ் கம்பெனியா? டிவைஸ்லதான் காசுன்னு சொல்றாங்களே" என்றான். காசு பற்றிப் பிறகு பேசலாம், முதலில் இரண்டும் எப்படி வேறு என்று பார் என்று சொல்லி அன்று பேசியதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மருந்து விற்பது என்றால் பழக்கத்தை விற்பது. டாக்டர் உங்களிடம் எதையும் வாங்குவதில்லை. பணம் கொடுப்பவர் நோயாளி, சரக்கு கொடுப்பது மெடிக்கல் ஷாப், அந்தக் கடைக்குக் கொடுப்பது ஸ்டாக்கிஸ்ட். இந்த மூவருக்கும் நடுவே டாக்டரின் பேனா எந்தப் பெயரை எழுதுகிறது என்பது மட்டும்தான் ரெப்பின் பிழைப்பு. ஒரு பிரஷர் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டாக்டர் வாரத்துக்கு இரண்டு புது நோயாளிகளுக்கு உங்கள் பிராண்டை எழுதுகிறார், ஆறு மாதத்தில் ஐம்பது பேர் ஆகிவிட்டார்கள், ஆளுக்கு மாதம் மூன்று அட்டை என்றால் அந்த ஒரு பேனாவிலிருந்து மாதம் 150 அட்டை வந்துகொண்டே இருக்கும். இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது மாதம் இரண்டு முறை போய்த் தலையைக் காட்டி, பழைய விஷயத்தையே புதிதாகச் சொல்லி, அவர் மறக்காமல் பார்த்துக்கொள்வது. கேட்க எளிதாக இருக்கும். அதே டாக்டரிடம் அதே மாத்திரைக்கு இன்னும் நிறைய பேர் வேறு பிராண்டோடு தலையைக் காட்டுகிறார்கள், அதுதான் சிக்கல்.

மருந்துக் கம்பெனிகள் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டாக்டர், நாலைந்து கடை என்று கணக்கு வைத்திருக்கும். கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் இரண்டு தெருவில் அது முடிந்துவிடும். இங்கே அப்படியில்லை. ஊட்டிக்கு ஒரு நாள், குன்னூருக்கு ஒரு நாள், கோத்தகிரி, அப்புறம் கூடலூர், பந்தலூர். ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அந்த நாள் போச்சு. சாயங்காலம் திரும்பும்போது வளைவில் காட்டுமாடு நின்றால் அது நகரும் வரை பைக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஹாரன் அடிக்கிற தப்பை ஒருமுறைக்கு மேல் யாரும் செய்வதில்லை. பெட்ரோல் படியோ சமவெளியில் என்ன ரேட்டோ அதே ரேட்தான். கம்பெனிக்குக் கிலோமீட்டர் தெரியும், கொண்டை ஊசி தெரியாது.

கூடலூர் விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே உழைக்கிற ரெப்புக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு. கூடலூர், பந்தலூர் மக்கள் பெரிய வைத்தியம் என்றால் சுல்தான் பத்தேரி, கோழிக்கோடு என்று கேரளாவுக்குப் போய்விடுவார்கள், மாத்திரையையும் அங்கேயே வாங்கிவிடுவார்கள். ஊட்டிக்காரர்கள் கோயமுத்தூரில் காட்டிவிட்டு அங்கேயே மூன்று மாதத்துக்கு வாங்கி வருவார்கள். நீங்கள் இங்கே ஒரு டாக்டரைப் பேசிப் பேசி எழுத வைத்தாலும் விற்பனை வேறு ஹெட்குவார்ட்டர்ஸ், அதாவது வேறு ஊர் ரெப்பின் கணக்கில் ஏறும். மேனேஜர் ஜாயின்ட் ஒர்க் என்று நம்மோடு கூடவே சுற்ற வரும்போது கடையில் உட்கார்ந்து எந்த டாக்டரின் சீட்டு எத்தனை வந்தது என்று தணிக்கை எடுப்பார், ஏன் இவ்வளவு குறைவு என்பார், நீங்கள் பத்தேரியைக் காட்டிக் கை நீட்டுவீர்கள். அவர் நம்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மார்ச் கடைசி இன்னொரு கூத்து. வருஷ டார்கெட் முடிய வேண்டும் என்று ஸ்டாக்கிஸ்டின் கையைக் காலைப் பிடித்துச் சரக்கை இறக்குவோம். ஏப்ரலில் அதில் பாதி அவர் குடோனில் தூங்கும், அடுத்த வருஷம் எக்ஸ்பைரி என்று திரும்பி வரும். இதெல்லாம் தெரிந்தேதான் எல்லோரும் செய்கிறோம்.

மெஷின் பக்கம் விற்பது ஒரே ஒரு முடிவை. ஒரு நர்சிங் ஹோம் ஸ்கேன் மெஷின் வாங்கினால் அடுத்து வாங்க ஏழெட்டு வருஷம் ஆகலாம். அந்த ஒரு முடிவுக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. சர்ஜன் கேட்கிறார், மயக்க மருந்து டாக்டர் சந்தேகப்படுகிறார், ஆடிட்டர் தேய்மானக் கணக்கு கேட்கிறார், ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டரின் வீட்டம்மா "இ.எம்.ஐ. எவ்வளவு வரும்?" என்கிறார். இவர்களில் யாரும் அந்த மெஷினைத் தினமும் தொடப்போவதில்லை. தொடப்போவது வார்டு சிஸ்டர். ஒருமுறை பேஷன்ட் மானிட்டர் டெமோவில் அரை மணி நேரம் திரை, ரெசல்யூஷன், சாஃப்ட்வேர் என்று பேசி முடித்த பிறகு, பின்னால் நின்ற சிஸ்டர் இரண்டே கேள்வி கேட்டார்: "ராத்திரி அலாரம் சத்தத்தைக் குறைக்க முடியுமா சார்? இந்த வயர் அறுந்தா தனியா கிடைக்குமா?" ஆர்டர் கிடைத்தது அந்த இரண்டு பதிலுக்குத்தான். அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் சிஸ்டரிடம்தான் பெட்டியைத் திறக்கிறேன்.

விற்ற பிறகுதான் பெரிய வித்தியாசம். மருந்து ரெப்புக்கு ராத்திரி போன் வராது. மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் டாக்டர் அடுத்த மாத்திரை எழுதிவிடுவார், உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. மெஷின் நின்றால் முதல் போன் விற்றவனுக்கு. சர்வீஸ் எஞ்சினியர் கோயமுத்தூரில் இருப்பார், அவர் மேலே ஏறி வரும்வரை அவர்களுக்குத் தெரிந்த ஒரே முகம் உங்களுடையது.

என் சொந்தக் கதை ஒன்று. இந்த வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, ஊட்டியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு ஆட்டோக்ளேவ் விற்றேன். கத்தி, கத்தரிக்கோல், துணி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் பாத்திரம், பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூரில் டெமோ காட்டியபோது 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிஷம் என்று பாடம் மாதிரி ஒப்பித்திருந்தேன், அங்கே எல்லாம் சரியாகவும் இருந்தது. ஊட்டியில் மாட்டினோம், முள் 15-ல் நின்றது, கைதட்டாத குறை. இரண்டு நாள் கழித்து தியேட்டர் சிஸ்டர் கூப்பிட்டார். உள்ளே வைக்கிற சோதனைப் பட்டையில் கருப்புக் கோடு வரவேண்டிய இடம் வரை வரவில்லை. வேறு பட்டை போடச் சொன்னேன். அதுவும் அப்படியே. மெஷின் பழுது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள், டாக்டர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

பழுது மெஷினில் இல்லை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். இங்கே காற்றின் அழுத்தமே கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான், அங்கே 14.7 பவுண்டு என்றால் இங்கே 11 சொச்சம். அளவுமானி காட்டுகிற 15 என்பது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்கிற கணக்கு. வெளிக்காற்றே குறைந்துவிட்டால் உள்ளே மொத்த அழுத்தமும் குறையும், நீராவியின் சூடும் குறையும். முள் 15-ல் நின்றாலும் உள்ளே 121-க்குப் பதில் 117 டிகிரிதான். ஆயிரம் அடி உயரத்துக்கு அரை பவுண்டு கூட்ட வேண்டும் என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது, ஊட்டிக்கு அது மூன்றரைக்கு மேல் வருகிறது. சேஃப்டி வால்வு எவ்வளவு தாங்கும் என்று எஞ்சினியரிடம் உறுதி செய்துகொண்டு பதினெட்டரைக்கு ஏற்றினோம், நேரத்தையும் கூட்டினோம், கோடு வந்தது. வீட்டில் பருப்பு வேக நேரமாகிறது என்று எங்கள் அம்மா காலங்காலமாகச் சொல்வதும் இதே காரணத்தால்தான். மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரிலும் இதே தொல்லை. கையேட்டில் இத்தனை மீட்டர் உயரம் வரை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், கீழே யாரும் அதைப் படிப்பதில்லை. கொரோனா நேரத்தில் கைக்குக் கிடைத்ததை வாங்கி மேலே கொண்டுவந்தவர்கள் அதைப் படிக்கவில்லை என்றால் ஆச்சரியமில்லை. மருந்திலும் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஊட்டிதான் இயற்கை ஃபிரிட்ஜ் ஆயிற்றே என்று நினைப்போம். ஜனவரி மாதம் தலைகுந்தா பக்கம் உறைபனி விழுகிற ராத்திரியில் சாம்பிள் பெட்டியைக் கார் டிக்கியில் விட்டுவிட்டேன், காலையில் இன்சுலின் உறைந்திருந்தது. உறைந்து உருகிய இன்சுலினைக் குப்பையில்தான் போட வேண்டும். சூடுக்குப் பயப்படச் சொல்லித் தருகிற டிரெய்னிங்கில் குளிருக்குப் பயப்பட யாரும் அழுத்திச் சொல்லித் தரவில்லை.

சரி, காசு. டிவைஸில் காசு அதிகம் என்பது பாதி உண்மை. பெரிய மெஷின் ஒன்று பில் ஆனால் இன்சென்டிவ் மொத்தமாக வரும், மருந்து ரெப் மாசா மாசம் பார்க்கும் தொகையைவிட அது பெரிதாகத் தெரியும். ஆனால் கொட்டேஷன் கொடுத்து, டெமோ காட்டி, பேரம் பேசி, லோன் கிடைத்து, பில் போடுவதற்குள் எட்டு மாதம் ஓடியிருக்கும், அதில் பாதி ஆட்கள் கடைசி நேரத்தில் பின்வாங்குவார்கள். பல கம்பெனிகளில் பில் போட்டால் மட்டும் போதாது, பணம் வசூலானால்தான் இன்சென்டிவ். வசூல் உங்கள் தலையில். சின்ன மலை ஆஸ்பத்திரிகளில் சீசன் முடிந்த பிறகு தருகிறேன் என்பார்கள், எந்த வருஷத்துச் சீசன் என்று சொல்ல மாட்டார்கள். மருந்துப் பக்கம் தொகை சின்னது, ஆனால் பால் கறப்பது மாதிரி ஒரு ஒழுங்கு இருக்கும். இ.எம்.ஐ., பள்ளிக்கூடக் கட்டணம் என்று மாதச் செலவு உள்ளவன் முதல் மூன்று வருஷத்தை யோசித்துவிட்டுத்தான் மெஷினுக்கு வர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மருந்து ரெப்களுக்கென்றே 1976-ல் தனிச் சட்டம் வந்தது, விடுப்பு, நியமன உத்தரவு, வேலை நிபந்தனைகள் எல்லாம் அதில் இருந்தன. பின்னால் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. அந்த 1976 சட்டத்தின் பின்னணியில் சங்கம் வைத்துப் போராடிய ஒரு தலைமுறை இருக்கிறது, டார்கெட் சொல்லி வேலையைவிட்டு நிறுத்தினால் கேட்க ஆள் இருந்தது. நான் பார்த்தவரை மெஷின் விற்கிறவர்களிடம் அந்தச் சங்க வாசனை கிடையாது. பலர் கம்பெனி ஆட்களே இல்லை, டீலரின் ஆட்கள்.

சட்டதிட்டம் இரண்டு பக்கமும் இறுகிவிட்டது. 2024 மார்ச்சில் மருந்து விற்பனைக்கான ஒரே சீரான நடத்தை விதிகள் வந்தன: டாக்டருக்குப் பரிசு, சுற்றுலா கிடையாது, ஒரு மருந்தில் ஒரு டாக்டருக்கு வருஷத்துக்கு 12 சாம்பிள் பேக்குக்கு மேல் கூடாது. அதே வருஷம் செப்டம்பரில் மருத்துவக் கருவிகளுக்கும் அதேபோல் தனி விதிகள் வந்துவிட்டன. எனக்கு இதில் வருத்தமில்லை. பரிசாகக் கொடுத்த டயரிக்கும் டிராலி பேக்குக்கும் நடுவே காணாமல் போயிருந்த மருந்தைப் பற்றிய பேச்சு கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. விலைப் பக்கம் பார்த்தால் 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கும், ஆகஸ்ட்டில் முட்டி மாற்று உறுப்புகளுக்கும் உச்சவரம்பு போட்டார்கள். கருவியில் லாபம் வானளாவ இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் அந்த வருஷத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஸ்கேன் மெஷின் விற்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சிசுவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் வருஷச் சட்டப்படி பதிவு பெற்ற மையத்துக்கு மட்டும்தான் விற்க முடியும், யாருக்கு விற்றோம் என்று அதிகாரிகளுக்குப் பட்டியலும் கொடுக்க வேண்டும். மாத்திரை ரெப்புக்கு இந்த மாதிரி தலைவலி இல்லை.

அரசு ஆஸ்பத்திரி என்று வந்துவிட்டால் இரண்டு பேருக்குமே மேலே வேலை குறைவு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தையும் மெஷினையும் சென்னையில் டெண்டர் போட்டு வாங்கி மாவட்டங்களுக்கு அனுப்புகிறது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது, குன்னூரில் லாலி ஆஸ்பத்திரி காலங்காலமாக இருக்கிறது. ஆனால் அங்கே எந்த மாத்திரை இருக்கும் என்பது அந்த டெண்டரில் முடிவான விஷயம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, 2025 பிப்ரவரியிலிருந்து முதல்வர் மருந்தகங்களில் பிராண்ட் பெயர் இல்லாத ஜெனரிக் மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. படுகர் ஹட்டியிலோ (கிராமத்திலோ) எஸ்டேட் லைனிலோ இருக்கிற பாட்டிக்கு இது பெரிய உபகாரம். பிரஷர் மாத்திரை பிராண்டை வைத்துப் பிழைக்கிற ரெப்புக்கு அந்த 150 அட்டையில் ஓட்டை. மெஷின் பக்கம் டெண்டர் சென்னையில் முடிந்தாலும், அதை இங்கே கொண்டுவந்து மாட்டி, சொல்லிக்கொடுத்து, பழுது பார்க்க ஓர் ஆள் ஏறி வந்தே ஆக வேண்டும். அந்த ஆளுக்குத்தான் இனிமேல் மலையில் வேலை கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்த மலைக்கு இரண்டுமே புதிதல்ல. 1860-களில் சிங்கோனா மரம் நட்டு, அதன் பட்டையிலிருந்து நடுவட்டத்தில் மலேரியாவுக்கான குயினைன் காய்ச்சினார்கள். தடுப்பூசிக்குப் பேர்போன குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-லிருந்து இருக்கிறது. அது மருந்துப் பக்கம். ஊட்டி இந்துநகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் எக்ஸ்ரே ஃபிலிம் தயாரித்தது, அது கருவிப் பக்கம். இன்று எக்ஸ்ரே கம்ப்யூட்டர் திரையில் வந்துவிட்டது, அந்தத் தொழிற்சாலையும் இல்லை. மெட்ஃபார்மினோ 1957-லிருந்து சுகருக்குக் கொடுக்கப்பட்டு இன்றும் எழுதப்படுகிறது. மருந்து ரெப் கற்ற மூலக்கூறு ஆயுசுக்கும் உதவும். மெஷின்காரன் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி எல்.கே.ஜி.யிலிருந்து படிக்க வேண்டும்.

பையனிடம் நான் அதிக நேரம் பேசியது ஊரைப் பற்றித்தான், ஏனென்றால் வேலை விளம்பரத்தில் அதை யாரும் பெரிதாகப் போடுவதில்லை. மருந்து ரெப்புக்கு ஊட்டி ஹெட்குவார்ட்டர்ஸ் என்று ஒன்று உண்டு. கோத்தகிரி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். மெஷின் கம்பெனிக்கு நீலகிரியில் மட்டும் ஒரு ஆள் வைக்கும் அளவுக்கு வியாபாரம் கிடையாது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு எல்லாம் சேர்ந்தது ஏரியா, நீலகிரி அதன் மேல் வைத்த குல்லா மாதிரி மாதம் மூன்று நாள். வீடு கீழே எடுத்தாக வேண்டும். எனக்கு இப்போது சாய்பாபா காலனியில் வாடகை வீடு, மெஷினுக்குப் பல்ப் வேண்டும் என்று மலையில் நர்சிங் ஹோம் ஏதாவது கூப்பிட்டால்தான் அம்மாவைப் பார்க்கச் சாக்கு. இதே காரணத்தால் மலையைவிட்டு நகர முடியாத பெண் பிள்ளைகள் சிலர், அப்பா அம்மாவை வைத்துக்கொண்டிருப்பவர்கள், மருந்திலேயே இருந்து நன்றாகச் செய்கிறார்கள். அவர்களைத் திறமை குறைந்தவர்கள் என்று கீழே இருந்துகொண்டு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்பும் இருக்கிறது. சுகர் பார்க்கிற மெஷின், அதன் ஸ்ட்ரிப், இன்ஹேலர், ஆபரேஷனுக்கான தையல் நூல், லேப் சோதனைக்கு ஊற்றுகிற ரீஏஜென்ட். லேபில் மெஷினைக் கிட்டத்தட்ட சும்மா வைத்துவிட்டு ரீஏஜென்டை மாதாமாதம் வாங்க வைப்பார்கள். மெஷின் வாடை, ஆனால் மாத்திரை மாதிரி மாதாமாதத் தாளம். பி.ஃபார்ம் படித்தவன் நேரே வென்டிலேட்டருக்குத் தாவினால் பயோமெடிக்கல் எஞ்சினியரிங் படித்தவனோடு மோத வேண்டும், இந்த வரப்பு வழியாகப் போனால் அவனுக்கு வழி இருக்கிறது. நானே தையல் நூலில்தான் பிடித்து ஏறினேன். ரெப்பாக இருந்தபோது பழகிய இரண்டு சர்ஜன்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். மெஷினிலிருந்து மருந்துக்குத் திரும்பியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

பையனுக்கு இரண்டு ஆஃபர் வந்திருந்தது. இரண்டு கடிதத்தையும் வாங்கிப் படித்துவிட்டு, சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன்: ஹெட்குவார்ட்டர்ஸ் எந்த ஊர், வெளியூர்ப் படி எத்தனை நாளுக்கு, இன்சென்டிவ் பில்லுக்கா வசூலுக்கா. மெஷின் கம்பெனிக் கடிதத்தில் மூன்றாவதற்குப் பதிலே இல்லை, கேட்டு எழுதி வாங்கு என்றேன். அவன் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "எதுன்னாலும் சனி ஞாயிறு வீட்டுக்கு வருவானா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஊட்டியிலிருந்து சிஸ்டர், ஆட்டோக்ளேவ் கதவில் ஆவி கசிகிறதாம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.